ஸ்பானிய மொழி கற்கும் பிள்ளைக்குத் தமிழ் சுமையாகுமா?



எமது பள்ளியின் ஆண்டுவிழா மலரில் இம்முறை ஒரு வகுப்பறை நிகழ்ச்சியிலிருந்து பாடமொன்றைத் தொடங்க விரும்புகின்றோம்.

சென்ற ஆண்டு இளவேனிற் காலத்தில், ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்த பின்னர், ஒரு தாயார் எம்மிடம் வந்தார். அவருடைய மகளுக்கு வயது பதினைந்து. கிம்னாசியத்தில் நவீன மொழிப் பிரிவைத் தெரிந்து, ஸ்பானிய மொழியைச் சிறப்புப் பாடமாக எடுத்திருந்தாள். தாயார் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “பிள்ளைக்கு ஏற்கெனவே நாலு பாஷை, ரீச்சர். இப்ப ஐந்தாவதும் வந்திட்டுது. தமிழை விடுவம் எண்டு நினைக்கிறம்.”

அவரிற் குறை காண்பதற்கில்லை. எம் பிள்ளைகளின் நாளை எண்ணிப் பார்ப்போம். வீட்டிலே தமிழ், விளையாட்டிடத்திலே சுவிஸ் ஜேர்மன், பாடநூலிலே எழுத்து ஜேர்மன், பின்னர் பிரெஞ்சு, அதன்பின் ஆங்கிலம். லவுசானிலோ ஜெனீவாவிலோ வாழும் பிள்ளைக்குப் பிரெஞ்சு முதலாவதாகவும் ஜேர்மன் அடுத்ததாகவும் வரும். இத்தனைக்கும் மேலாக ஸ்பானியமும் வந்து சேருமாயின், எதை இறக்கி வைப்பது என்று பெற்றோர் எண்ணுவது இயல்பே. அவ்வாறு இறக்கி வைக்கப்படுவது பெரும்பாலும் தமிழாகவே இருக்கின்றது. ஏனெனில் அதற்கு மட்டுமே கட்டாயம் இல்லை.

அன்று நாமும் தவறினோம். “இந்த ஸ்பானியம் பிள்ளைக்கு எதற்கு? ஆங்கிலத்தோடு நிறுத்தியிருக்கலாமே” என்று கூறிவிட்டோம். தமிழைக் காப்பதாக எண்ணிப் பிறிதொரு மொழியைத் தாழ்த்தினோம். அது சரியான மறுமொழி அன்று என்பதனை எமக்கு உணர்த்தியவள் அந்த மாணவியே. அதனைப் பின்னர் கூறுவோம்.

தெரிவு பற்றிய ஓர் அச்சம்

முதலிற் பெற்றோர் பலரிடம் உள்ள ஓர் அச்சத்தை நீக்குதல் வேண்டும். “மொழிப் பிரிவில் படித்தால் பிள்ளை வைத்தியராக முடியாது, பொறியியல் படிக்க முடியாது” என்று சிலர் கருதுகின்றனர். இலங்கையில் உயர்தர வகுப்பிற் கலைப்பிரிவு, விஞ்ஞானப்பிரிவு எனப் பிரிந்து படித்த எமக்கு இவ்வாறு தோன்றுவது இயற்கை. ஆனால் இந்நாட்டு முறை வேறு.

கிம்னாசியத்தில் மாணவர் அனைவரும் கணிதம், உயிரியல், இரசாயனம், பௌதிகம், வரலாறு, மொழிகள் ஆகிய அடிப்படைப் பாடங்களைக் கற்கின்றனர். அவற்றின்மேல் ஒரு சிறப்புப் பாடம் தெரியப்படுகின்றது. 1995ஆம் ஆண்டின் மத்தூரா ஒழுங்குவிதி, சிறப்புப் பாடப் பட்டியலில் நவீன மொழிகளுக்கும் இடமளித்தது. மூன்றாவது தேசிய மொழி, ஆங்கிலம், ஸ்பானியம், ரஷ்யம் என்பவை அதிற் குறிக்கப்பட்டிருந்தன. அவ்விதி புதுக்கப்பட்டு 2024 ஓகஸ்ற் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. எந்தப் பள்ளியில் எந்த மொழி கற்பிக்கப்படும் என்பது மாநிலத்துக்கு மாநிலம், பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். ஆகையால் பள்ளியிலேயே கேட்டறிதல் நன்று.

முடிவில் வழங்கப்படும் மத்தூராச் சான்றிதழோ ஒன்றே. ஸ்பானியத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்தவரும், பௌதிகத்தை எடுத்தவரும் அதே சான்றிதழுடன் பல்கலைக்கழகத்தின் எந்தத் துறைக்கும் செல்லலாம். மருத்துவத்துக்கு இடங்கள் குறைவாகையாற் பல பல்கலைக்கழகங்களில் தனித் தேர்வு உண்டு. ஆனால் அது சிறப்புப் பாடத்தைக் கேட்டு நடப்பதன்று. சூரிச், லவுசான் ஆகிய நகரங்களிலுள்ள தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனங்களுக்கும் வாயில் திறந்தே இருக்கின்றது. மொழிப்பிரிவில் வந்தவர் அங்கே முதலாண்டுக் கணிதத்தில் அதிகம் உழைக்க நேரலாம் என்பதனையும் மறைக்காமற் கூறவேண்டும். கடினம் என்பது வேறு. கதவு மூடியிருப்பது என்பது வேறு.

வீட்டிலேயே இருக்கும் ஸ்பானியச் சொற்கள்

மாணவர்களே, ஸ்பானிய வகுப்பின் முதல் நாளில் நீங்கள் வெறுங்கையோடு செல்வதில்லை. உங்கள் வீட்டுச் சமையலறையையும் வாசலையும் ஒருமுறை பாருங்கள். மேசை இருக்கின்றது, ஸ்பானியத்தில் அது ‘மேசா’. சப்பாத்து இருக்கின்றது, அது ‘சபாத்தோ’. பாண் இருக்கின்றது, அது ‘பான்’. அலுமாரி ‘அர்மாரியோ’ ஆகும். வாங்கு ‘பாங்கோ’ ஆகும். குளித்தபின் தேடும் துவாய் ‘தோவாயா’ ஆகும். ஊரிலே பெரியவர்கள் கூறிய தவறணை ‘தபேர்னா’ ஆகும்.

இவை எவ்வாறு ஒத்துள்ளன? இச்சொற்கள் ஸ்பானியரிடமிருந்து எமக்கு வந்தவை அல்ல, போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை. போர்த்துக்கேயர் 1505இல் இலங்கையை அடைந்தனர். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தரிடம் அதனை இழந்தனர். ஆட்சி நீங்கிற்று, சொற்கள் நீங்கவில்லை. போர்த்துக்கேயமும் ஸ்பானியமும் இலத்தீன் என்னும் ஒரு தாயின் இரு பிள்ளைகள். ஆகவே யாழ்ப்பாணத்து வீட்டில் வழங்கும் சொல் மட்ரிட் நகரத்து வீட்டிலும் சிறிது வேறுபட்டு ஒலிக்கின்றது. இலத்தீனில் மேசைக்கு ‘மென்சா’ என்று பெயர். இந்நாட்டுக் கிம்னாசியங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் மாணவர் உணவருந்தும் இடத்தை ‘மென்சா’ என்றே அழைக்கின்றனர். அம்மா துடைக்கும் மேசையும் அந்த மென்சாவும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை!

எல்லாச் சொல்லும் இவ்வாறு பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. எமது கதிரை போர்த்துக்கேய ‘கதேய்ரா’ ஆகும். ஸ்பானியத்திலோ கதிரைக்கு ‘சீயா’ என்று வேறு பெயர். ஸ்பானியத்தில் ‘கதேரா’ என்றால் இடுப்பு! யன்னலும் அவ்வாறே, போர்த்துக்கேயத்தில் ‘ஜனேலா’, ஸ்பானியத்தில் ‘வெந்தானா’. உங்கள் வகுப்பிலே போர்த்துக்கேய மாணவர் இருப்பின், இச்சொற்களைக் கூறிப் பாருங்கள். அவர்கள் வியப்பதைக் காண்பீர்கள்.

இலக்கணத்தில் உள்ள ஒற்றுமை

சொற்களை விட இலக்கணமே முக்கியமானது. எமது வகுப்பில் நீங்கள் படித்த மூன்று செய்திகளை நினைவிற்கொள்ளுங்கள்.

முதலாவது, தோன்றா எழுவாய். ‘நாளை வருவேன்’ என்றால் வருபவர் யார்? ‘நான்’ என்று கூறாமலே விளங்குகின்றது. வினையின் விகுதி அதனைக் காட்டிவிடுகின்றது. ஸ்பானியமும் அத்தகையதே. ‘ஆப்லோ’ என்றால் பேசுகிறேன். ‘ஆப்லாஸ்’ என்றால் பேசுகிறாய். ‘ஆப்லாமோஸ்’ என்றால் பேசுகிறோம். ஜேர்மனிலும் பிரெஞ்சிலும் எழுவாயைப் பொதுவாகச் சொல்லியே ஆகவேண்டும். ஆதலால் அம்மொழிகளில் வளர்ந்த மாணவர் ஸ்பானியத்திலும் ‘நான், நான்’ என்று கூறிக்கொண்டே இருப்பர். தமிழ்ப் பிள்ளைக்கோ அதனை விடுவது பழகிய செயல்.

இரண்டாவது, நான்காம் வேற்றுமை. ‘எனக்குப் புத்தகம் பிடிக்கும்’ என்கின்றோம். ஸ்பானியத்தில் ‘மே குஸ்தா எல் லிப்ரோ’ என்பர். ‘மே’ என்பது எனக்கு. ‘குஸ்தா’ என்பது பிடிக்கின்றது. ‘எல் லிப்ரோ’ என்பது புத்தகம். ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதோ ‘மே துவேலே லா கபேசா’ ஆகும். தலை வலிக்கின்றது, அது எனக்கு நிகழ்கின்றது. ஜேர்மனிலும் ‘மீர்’ என்று தொடங்கும் வாக்கியங்கள் சில இவ்வாறு அமையும். ‘நான் விரும்புகிறேன்’ என்னும் அமைப்பை மட்டுமே அறிந்தவர்க்கு இது தலைகீழாகத் தோன்றும். எமக்கோ இது அன்றாடப் பேச்சு.

மூன்றாவது, ஒலி. ‘பேரோ’ என்று மெல்லிய ரகரத்தோடு கூறினால் ‘ஆனால்’ என்று பொருள். அதே சொல்லை ரகரம் அதிர ‘பேர்ரோ’ என்று அழுத்திக் கூறினால் ‘நாய்’ என்று பொருள்! கரி, கறி என்றும் மரம், மறம் என்றும் இரண்டு எழுத்தை வேறுபடுத்தக் கற்ற பிள்ளை, ஓர் ஒலி மாறினாற் பொருள் மாறும் என்பதனை முன்னரே அறிவான். ஸ்பானியத்தில் நகரத்தின் மேல் அலைக்கோடு இட்டு எழுதும் ஒலியோ எமது ஞகரமேயாகும். நாளை என்பதற்கு ‘மஞானா’ என்பர். ஜேர்மன் மாணவர் அதனை ஈரெழுத்தாகப் பிரித்துக் கூற, எம் பிள்ளை ஓரெழுத்தாகவே கூறிவிடும்.

கடினமானவையும் உண்டு. தமிழிற் பால் பொருளைப் பின்பற்றும், மேசை அஃறிணையே. ஸ்பானியத்தில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். அதனை மனனஞ் செய்தே ஆகவேண்டும். ‘அவள் ஆசிரியை’ என்று நாம் வினையின்றி முடிக்கும் இடத்தில் அவர்களுக்கு ஒரு வினை வேண்டும். அதிலும் ‘ஸேர்’, ‘எஸ்தார்’ என்னும் இரண்டனுள் எது பொருந்தும் என்று அறிந்து கூறவேண்டும். உழைப்பின்றி எம்மொழியும் வாராது.

இனி, அந்த மாணவிக்கு வருவோம். அவளுடைய தாயார் எம்மிடம் பேசியபோது முடிவு எதுவும் கூறாமற் சென்றார். கோடை விடுமுறை கழிந்து சில வாரங்களின் பின் அவள் தன் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். ஒருபுறம் ஸ்பானிய வாக்கியங்கள். மறுபுறம் தமிழ் வாக்கியங்கள். இரண்டிலும் நான்காம் வேற்றுமையின் கீழே கோடு. வகுப்பில் ஏனையோர்க்கு விளங்காத பாடம் தனக்கு உடனே விளங்கியதாகவும், காரணத்தை ஆசிரியர் கேட்டபோது தமிழ் வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியதாகவும் கூறினாள். வேற்றுமை உருபுகளை நாம் கற்பித்தபோது கொட்டாவி விட்டவளும் அவளே! அன்றுதான் எமது மறுமொழி தவறு என்பதனை உணர்ந்தோம். ஸ்பானியம் தமிழுக்குப் போட்டியாக வரவில்லை. அவள் தமிழைத் திரும்பிப் பார்க்க ஒரு கண்ணாடியாக வந்தது. அவள் இன்றும் எமது வகுப்பில் இருக்கின்றாள்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அவளுக்கு உதவியது வீட்டிற் கேட்டுப் பழகிய தமிழ் மட்டுமன்று; எழுவாய், பயனிலை, வேற்றுமை என்று பெயரிட்டு அறிந்த தமிழே உதவிற்று. பேச்சுத் தமிழ் வீட்டில் வரும். அதன் அமைப்பை அறிய வகுப்பு வேண்டும்.

ஒரு முன்னோடி

பல மொழி கற்றால் தமிழ் தேயும் என்போர்க்குத் தனிநாயகம் அடிகளாரின் வாழ்வு தக்க விடையாகும். 1913இல் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனிற் பிறந்த அவர் ஆங்கில வழியிற் கல்வி கற்றார். ரோமாபுரியிற் சமயக்கல்வி பெற்றார். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, ஜேர்மன், ஸ்பானியம், போர்த்துக்கேயம் முதலிய மொழிகளை அறிந்தார். தமிழை ஆழமாகக் கற்றதோ அதன் பின்னரே. தமிழ்நாட்டில் வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்த காலத்தில் முறையாகப் பயிலத் தொடங்கி, பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உயர்பட்டம் பெற்றார்.

அவர் கற்ற ஐரோப்பிய மொழிகள் வீண்போகவில்லை. அந்தாம் தெ புரொயென்சா என்னும் பாதிரியார் தொகுத்து 1679இல் அச்சான தமிழ் - போர்த்துக்கேய அகராதியை, 1966இல் அவர் மீண்டும் பதிப்பித்து வெளியிட்டார். தமிழில் முதலில் அச்சான நூல்களைப் பற்றியும் எழுதினார். போர்த்துக்கேயம் அறியாத ஒருவர் அந்நூல்களைத் திறந்தும் பயன் இல்லை. தமிழ் அறியாத ஒருவர் அவற்றின் அருமையை உணரார். இரண்டும் அறிந்தமையால் எமது வரலாற்றின் ஓர் ஏட்டை எமக்கு அவர் மீட்டுத் தந்தார். 1964இல் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமையவும், 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடைபெறவும் முன்னின்றவர் அவரே.

எம் பிள்ளைகளும் சிறிய அளவில் இதனைச் செய்யலாம். கிம்னாசியத்தில் ஒவ்வொரு மாணவரும் மத்தூரா ஆய்வுக் கட்டுரை ஒன்றை எழுதவேண்டும். யாழ்ப்பாணத் தமிழில் வழங்கும் போர்த்துக்கேயச் சொற்களை ஸ்பானியத்தோடும் இத்தாலியத்தோடும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுத, இந்நாட்டில் வாழும் தமிழ் மாணவரை விடத் தகுதியானவர் யார்? பாட்டியைக் கேட்டாற் பாதிச் சொற்கள் கிடைத்துவிடும்.

மொழிக் கல்வி சோறு போடுமா?

இக்கேள்வியைக் கேட்பது இழுக்கன்று. இரவு பகலாக உழைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர்க்கு அதனைக் கேட்கும் உரிமை உண்டு.

ஸ்பானியம் 20 நாடுகளின் ஆட்சிமொழி. ஏறத்தாழ 50 கோடி மக்கள் அதனைத் தாய்மொழியாகக் கொண்டுள்ளனர். ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு அலுவல் மொழிகளுள் அதுவும் ஒன்று. அச்சபையின் பெரிய அலுவலகங்களுள் ஒன்று எமது ஜெனீவாவிலேயே உள்ளது. அதே நகரின் பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்புக்கெனத் தனிப் பீடம் இருக்கின்றது. 1941இல் உரைபெயர்ப்பாளர் பள்ளியாகத் தோன்றிய அது, 2011இற் பீடமாக உயர்ந்தது. சூரிச், பேர்ண், பாசல், பிரிபோர்க், லவுசான் முதலிய பல்கலைக்கழகங்களிலும் ஸ்பானிய மொழியையும் இலக்கியத்தையும் கற்கலாம். கிம்னாசிய ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பத்திரிகையாளர், பன்னாட்டு நிறுவன அலுவலர் எனப் பல வழிகள் உண்டு.

மொழிப் பட்டம் பெற்றவுடன் வேலை காத்திருக்கும் என்று நாம் கூறவில்லை. மொழியோடு பொருளியல், சட்டம், கல்வியியல் போன்ற இன்னொன்றும் சேர்ந்தாற் பயன் கூடும். மேலும், இந்நாட்டிற் பெரும்பாலான இளைஞர் கிம்னாசியத்துக்கன்றித் தொழிற்பயிற்சிக்கே செல்கின்றனர். அலுவலகத்திலோ, வைத்தியசாலையிலோ, விடுதியிலோ பயிலும் பிள்ளைக்கும் ஒவ்வொரு மொழியும் ஒரு கைத்திறனே. ஸ்பானியம் மட்டுமே பேசும் முதியவர் வைத்தியசாலைக்கு வரும்போது அவருக்கு விளங்க ஒரு சொற் கூறுபவர் அங்கே வேண்டப்படுவார். எமது பெரியவர்கள் அங்கே தமிழ்க்குரல் ஒன்றுக்காக ஏங்கியதனை நாம் மறந்துவிடவில்லை.

ஸ்பானியரும் எம்மைப் போலவே இந்நாட்டுக்கு வந்து உழைத்தவர்கள். 1961இல் இரு அரசுகளும் செய்த உடன்படிக்கையின் பின்னர் பெருந்தொகையாக வந்தனர். அவர்களுடைய பிள்ளைகளும் பாடசாலை விட்டபின் தாய்மொழி வகுப்புக்குச் சென்றனர், இன்றும் செல்கின்றனர். அவ்வகுப்புகளை ஸ்பானிய அரசு நடத்துகின்றது. தமிழ் வகுப்புகளை நடத்துவோரோ பெற்றோரும் ஆசிரியரும் தொண்டர்களுமே. ஆகையால் ஒரு பிள்ளை நின்றுவிட்டால் அந்தக் கதிரை வெறுமையாகின்றது. பல கதிரைகள் வெறுமையானால் வகுப்பே நின்றுவிடும்.

இந்நாட்டு அரசும் தாய்மொழியைத் தடையாகக் கருதவில்லை. 1991இலேயே மாநிலக் கல்விப் பணிப்பாளர் மாநாடு தாய்மொழி வகுப்புகளுக்கு இடமளிக்குமாறு பரிந்துரைத்தது. 2010இல் நடைமுறைக்கு வந்த மொழிச்சட்டம், பிறமொழி பேசும் பிள்ளைகளின் முதல்மொழி அறிவை வளர்க்கவும் நிதி உதவி வழங்க இடமளிக்கின்றது. அயலவர் மதிக்கும் ஒன்றை நாமே சுமை என்று கூறலாமா?

பெற்றோர்களே, பிள்ளை ஒரு புதிய மொழியைத் தெரியும்போது தடுக்காதீர்கள். அத்தோடு தமிழை நிறுத்தவும் வேண்டாம். நேரம் போதாதெனில் எம்மோடு பேசுங்கள். வீட்டுப்பாடத்தைக் குறைக்கலாம், தேர்வை ஓராண்டு தள்ளலாம், வழி காணலாம். நிறுத்திய மொழியைப் பின்னர் தொடங்குவது மட்டுமே மிகக் கடினம்.

மாணவர்களே, ஐந்து மொழி என்பது ஐந்து மூட்டை அன்று. ஒரே வீட்டின் ஐந்து யன்னல்கள். வீடு இருந்தாலன்றோ யன்னல் வைக்கலாம்!

மாணவர்க்கான பயிற்சி

1. வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டு, போர்த்துக்கேயத்திலிருந்து தமிழுக்கு வந்த சொற்கள் பத்தினை எழுதுக. அவற்றுள் எவை ஸ்பானியத்திலும் ஒத்துள்ளன எனக் காண்க.

2. ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்குக் குளிர்கிறது’, ‘எனக்கு இப்பாட்டுப் பிடிக்கும்’ ஆகியவற்றை நீர் அறிந்த ஏனைய மொழிகளிற் கூறி, எங்கே ‘எனக்கு’ வருகின்றது, எங்கே ‘நான்’ வருகின்றது எனக் குறிக்குக.

3. ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் இரண்டுக்கும் வேறுபாடு யாது? பாடசாலையில் நீர் கற்கும் மொழிகளில் இவ்வேறுபாடு உண்டா? உமது பாடசாலைத் தோழருக்கு இதனை விளக்கி ஐந்து வாக்கியம் எழுதுக.